ஒரே ஊர், ஒரே சம்பளம். ஒரு வீட்டில் மட்டும் ஏன் நிம்மதி இல்லை?

உங்கள் கேள்வி இதுதான். ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊர். கணவர் ரியாத்தில் டிரைவர். போய் மூன்று வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட லீவில் வரவில்லை. எதிர்வீட்டுக்காரரும் ரியாத்தில்தான், அவரும் டிரைவர்தான், சம்பளமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த வீடு கலகலப்பாக இருக்கிறது. உங்கள் வீட்டில் மாதாமாதம் பணம் வந்தும் தினமும் ஏதாவது சண்டை. பெரியவன் படிப்பில் பின்தங்குகிறான், உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. "என்னிடம்தான் ஏதோ குறையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

குறை உங்களிடம் இல்லை, சகோதரி. இந்தக் குடும்பங்களோடு பல வருஷமாகப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு நாடுகளில் பிரிந்து வாழும் குடும்பத்தின் நலனைத் தீர்மானிப்பது அனுப்புகிற தொகை அல்ல, கணவன் மனைவிக்குள் இருக்கும் பாசத்தின் அளவும் அல்ல. பாசம் இல்லாமலா ஒருவர் 50 டிகிரி வெயிலில் போய் நிற்கிறார்? எப்போது வருவது, எப்போது பேசுவது, வந்த பணத்தை எதற்குச் செலவழிப்பது, எந்த வருஷம் இதை முடித்துக்கொள்வது, இதிலெல்லாம் முடிவெடுக்கும் உரிமை உங்கள் இருவர் கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்தவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

2015ல் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வின் கணக்குப்படி, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். சிங்கப்பூர், அமீரகம், சவூதி மூன்றும் முன்வரிசையில். அத்தனை பேரையும் 'வெளிநாட்டில் இருக்கிறார்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பாஸ்போர்ட்டில் எந்த வகை விசா குத்தியிருக்கிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அன்றாடமே அடங்கியிருக்கிறது.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். 'கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) வீட்டு வாசலில் உள்ள ரூமில் தங்கியிருக்கிறார்', 'ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டி எடுக்கணும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் போனது ஹவுஸ் டிரைவர் விசாவில். எதிர்வீட்டுக்காரர் ஒரு கம்பெனியின் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பேரையும் ஊரில் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சவூதி சட்டத்தின் கண்ணில் இருவரும் வேறு வேறு.

கம்பெனி ஊழியருக்கு அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். வருஷத்துக்கு 21 நாள் சம்பளத்தோடு லீவு, ஐந்து வருஷம் முடித்தவருக்கு 30 நாள். 2021 மார்ச்சில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஊருக்கு வந்துபோக எக்ஸிட் ரீ-என்ட்ரிக்கு, அதாவது நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் அனுமதிக்கு, அவரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு வேலைக்கு மாறலாம். ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலை செய்பவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரை அந்த மாற்றத்தில் சேர்க்கவில்லை. தொழிலாளர் சட்டத்துக்கும் அவர்கள் வெளியேதான். அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு: இரண்டு வருஷம் முடித்து அதே வீட்டில் தொடர்கிறவருக்குச் சம்பளத்தோடு ஒரு மாத லீவு என்று அதில் இருக்கிறது. ஆனால் ரீ-என்ட்ரி போட்டுத் தரவேண்டியது கஃபீல். அவர் "ரமலான் முடியட்டும்" என்பார், அப்புறம் "பிள்ளைகள் பரீட்சை முடியட்டும்" என்பார். ஒரு வருஷம் அப்படியே ஓடிவிடும்.

இது உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். மூன்று தடவை தேதி சொல்லி மூன்று தடவையும் அவர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளிடம் சொன்னது நீங்கள். பொய் சொன்னதாக ஆனதும் நீங்கள். அவருக்கோ, கஃபீல் மறுத்ததை மனைவியிடம் சொல்ல வெட்கம். "வேலை இருக்கு, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று மேலோட்டமாகச் சொல்கிறார். அவருக்கு வர மனசில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரியாத்தில் ஒருவர் ஒரு பட்டனை அழுத்தாமல் விட்டதற்கு இங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு வருஷா வருஷம் ஒரு தேதி கையில் இருக்கிறது. அவர் தெளிவாக இருப்பதில் பெரும்பங்கு அந்தத் தேதிக்குத்தான்.

போன் விஷயமும் இதே மாதிரிதான். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பெரியவன் பள்ளிக்குக் கிளம்பும் காலை எட்டு மணி அங்கே ஐந்தரை. அவன் திரும்பி வரும் மாலை நாலரை அங்கே மதியம் இரண்டு. முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரம். இரவு அவர் கொஞ்சம் ஓய்ந்து உட்காரும் பத்து மணி இங்கே பன்னிரண்டரை. ஆக, அவர் பிள்ளைகளைப் பார்ப்பதெல்லாம் தூங்கும் முகமாகத்தான். கம்பெனி டிரைவருக்கு ஷிப்ட் உண்டு, வெள்ளிக்கிழமை லீவு உண்டு. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளி மாலை என்றால் அப்பா என்று தெரியும். தினமும் அரைமணி நேரம் பேசுவதைவிட, வாரத்தில் ஒரு நாள் தவறாமல் வரும் பத்து நிமிஷம் பிள்ளைகளுக்கு நல்லது என்று நான் அடித்துச் சொல்வேன். இதில் நாடும் சேர்ந்துகொள்கிறது: சவூதியில் இணையவழி அழைப்புகளுக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரில் எடுத்தார்கள். அமீரகத்தில் வாட்ஸப் காலுக்குத் தடை நீண்டது. அங்கே இருப்பவர்கள் அனுமதிக்கப்பட்ட ஆப்களில் காசு கட்டிப் பேசிப் பழகியவர்கள்.

"குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்று உங்கள் அண்ணன் கேட்டாராம். ஹவுஸ் டிரைவர் விசாவில் நடைமுறையில் அதற்கு வழியில்லை. வழி உள்ள வேலையில் இருந்தாலும் கணக்கு இடிக்கும். 2017 ஜூலை முதல் சவூதியில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் கட்டணம் உண்டு. நூறு ரியாலில் தொடங்கி வருஷம் நூறு நூறாக ஏறி, 2020ல் நானூறு ஆனது. நீங்களும் இரண்டு பிள்ளைகளும் போனால் மாதம் 1,200 ரியால், அங்கே இருப்பதற்கு மட்டும். உங்கள் கணவர் வீட்டுக்கு அனுப்பும் மொத்தப் பணமே அவ்வளவுதான். அந்தக் கட்டணம் வந்த புதிதில், நல்ல வேலையில் இருந்தவர்கள்கூட மனைவி மக்களை விமானமேற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் இருந்தால் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம் என்று 2019ல் மாற்றினார்கள். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் போனவர் குடும்பத்தை அழைக்கவே முடியாது; அதற்கு அடுத்த படியான எஸ் பாஸில் இருப்பவருக்கும் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் நிலைச் சம்பளம் வேண்டும். சேர்ந்து வாழ்வதற்கே சம்பள வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்தான் கட்டடம் கட்டுகிறார், பஸ் ஓட்டுகிறார், சாக்கடை அள்ளுகிறார். இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

இனி கடன். இரண்டு லட்சம் கொடுத்து விசா எடுத்ததாகவும், நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். மாதம் ஆறாயிரம் வட்டி. மூன்று வருஷத்தில் 2,16,000 ரூபாய். வட்டியாக மட்டுமே அசலைவிட அதிகம் கட்டியாயிற்று, அசல் அப்படியே நிற்கிறது. ரியால் 23 ரூபாய் என்று வைத்தால் அவர் அனுப்புவது 27,600. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே போய்விடுகிறது. 'பணம் வந்தும் ஏன் இல்லாத மாதிரி இருக்கிறது' என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை இது. கஃபீல் மோசமாக நடத்தினாலும் அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். கடனோடு திரும்பி வந்து நிற்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். போனது போகட்டும். அடுத்து உங்கள் தம்பி கிளம்புகிறார் என்றீர்களே, அவருக்காவது இதைச் சொல்லுங்கள். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து இருக்கிறது, முதலில் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் விரிவாகச் சொல்ல நினைப்பது அடுத்த விஷயம்தான், ஏனென்றால் இது உங்கள் ஊரிலேயே மாற்றக்கூடியது. பணம் யார் பெயருக்கு வருகிறது? உங்கள் வீட்டில் மாமனார் கணக்குக்கு வருகிறது. எதிர்வீட்டில் அந்த அக்காவின் கணக்குக்கே வருகிறது, அவர்கள் தனிக்குடித்தனம்.

இந்தியாவில் கணவர் வேலைக்காக வேறிடம் போன பெண்களைப் பற்றி சோனால்டே தேசாய், மஞ்சிஷ்டா பானர்ஜி என்ற இரு ஆய்வாளர்கள் 2008ல் எழுதினார்கள். கணவர் இல்லாத வீட்டில் மனைவியின் கை ஓங்குமா என்று பார்த்தபோது, அது குடும்ப அமைப்பைப் பொறுத்தது என்று தெரிந்தது. தனிக்குடித்தனத்தில் இருப்பவருக்குப் பொறுப்பும் கூடுகிறது, முடிவெடுக்கும் சுதந்திரமும் கூடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை. கேட்டால் எளிமையாக இருக்கிறது. ஆனால் மூத்த பையனுக்கு டியூஷன் சேர்க்க 800 ரூபாய்க்காக நீங்கள் ரியாத்துக்குப் போன் செய்து, அவர் தன் அப்பாவுக்குப் போன் செய்து, அப்பா "இப்ப என்ன அவசரம்" என்று சொல்லி, அந்தப் பேச்சு மாமியார் வழியாக வேறு மாதிரி திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆய்வு சொல்வது இதைத்தான். மாமனார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. பிள்ளை அனுப்பும் பணத்துக்குத் தான் காவல் என்று அவர் உண்மையாகவே நினைக்கிறார். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி விழித்திருப்பது ஒருவர், ஆட்டோவுக்குக் காசு எடுத்துத் தருவது இன்னொருவர் என்றால் அந்த வீட்டில் புழுக்கம் வரத்தான் செய்யும்.

முழுப் பணத்தையும் ஒரே நாளில் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லாதீர்கள், வீடு இரண்டுபடும். இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். வட்டியும் பெரியவர்கள் மருந்துச் செலவும் மாமனார் கணக்குக்கு, பள்ளியும் சமையலும் உங்கள் கணக்குக்கு. இதை உங்கள் கணவரே தன் அப்பாவிடம் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் மருமகள் பேராசை என்று ஆகும், மகன் சொன்னால் ஏற்பாடு என்று ஆகும். அப்படியே அவர் என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) உங்களையும் பெயர் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். இங்கே வசிக்கும் நெருங்கிய உறவை 'முதலாமவர் அல்லது அவருக்குப் பின் இருப்பவர்' (Former or Survivor) என்ற முறையில் சேர்க்க விதி இருக்கிறது. நிலம் வாங்கும் பேச்சு வந்தால், அவர் அங்கிருந்து அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டு அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரியவன் விஷயம். அப்பா வெளிநாட்டில் இருந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நான்கிலும் ஒரே மாதிரி கேள்விகளோடு 2008ல் ஒரு பெரிய ஆய்வு எடுத்தார்கள். முதல் இரண்டு நாடுகளில் அப்பா வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளிடம் மனத் தொந்தரவு கூடுதலாகத் தெரிந்தது. மற்ற இரண்டில் அப்படித் தெரியவில்லை. பிரிவு மட்டும்தான் காரணம் என்றால் நான்கிலும் ஒரே விடை வந்திருக்கும். என் அனுபவத்தில் முதலில் பார்க்கவேண்டியது, பிள்ளையோடு கூட இருந்து வளர்ப்பவரின் மனநிலை. அதனால் பெரியவனை மாற்ற டியூஷன் தேடுவதற்கு முன்னால் உங்கள் தூக்கத்தைக் கவனியுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். "பைத்தியமா எனக்கு" என்று கேட்காதீர்கள். மூன்று வருஷமாக ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் உடம்பும் மனசும் ஒரு கட்டத்தில் தளரும்.

அம்மா போகிற வீடுகளின் கதை வேறு. இலங்கையிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஏராளம். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது என்று அந்த அரசு 2013ல் விதி போட்டது. நெருக்கடி வந்த 2022ல் அதைத் தளர்த்தியது. இந்த மாதிரி விதி எந்த நாட்டிலும் அப்பாவுக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. அப்பா போனால் அம்மா இரண்டு பேர் வேலையையும் செய்கிறார். அம்மா போனால் அந்த வேலை பெரும்பாலும் அம்மம்மாவுக்கோ மூத்த மகளுக்கோதான் போய்ச் சேர்கிறது, அப்பாவுக்கு அல்ல. அந்த மூத்த மகளின் படிப்பை யாராவது கணக்கில் எடுக்கவேண்டும்.

ஒரு காகித வேலை சொல்கிறேன், பயப்படாமல் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காமல் இசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்), முறைப்படி அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகப் போனவர் என்றால் அவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு போட்டிருப்பார்கள். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ பத்து லட்சம் ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 275, மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, ஆகவே அது முடிந்திருக்கும் அல்லது முடியப் போகிறது. அவரிடம் கேட்டுப் புதுப்பிக்கச் சொல்லி, பாலிசி எண், இக்காமா (சவூதி குடியிருப்பு அட்டை) எண், பாஸ்போர்ட் நகல், கஃபீலின் பெயரும் போனும் எல்லாவற்றையும் உங்கள் கையில் ஒரு கவரில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள், ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்படி ஒரு நாள் வந்தால், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்த எண்களைத்தான். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாறியவரின் வீட்டில் இந்தக் கவரில் வைக்கப் பாதி தாள் இருக்காது. அதனால்தான் அந்த வழியில் யாரும் போகவேண்டாம் என்று வற்புறுத்துகிறேன்.

கடைசியாக, "அவரை வரச் சொல்லிவிடவா?" என்று கேட்டீர்கள். இப்போதே மொத்தமாக வரச் சொல்லாதீர்கள், அசல் நிற்கிறது. முதலில் இக்காமா எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். கஃபீலுக்கு அதைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் உங்கள் கணவரின் சம்மதம் தேவை, அவர் பேச்சுக்கு மதிப்பு இருப்பதும் அப்போதுதான். "புதுப்பிக்கிறேன், ஆனால் ஒரு மாத லீவு முதலில்" என்று அந்த மாதத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். சம்மதித்தால் அந்த லீவில் உட்கார்ந்து கடனை வட்டி குறைந்த நகைக்கடனாகவோ கூட்டுறவுக் கடனாகவோ மாற்றிவிடுங்கள். மாதம் மிச்சமாகும் தொகையை அசலில் கட்டினால் எந்த வருஷம் தீரும் என்று இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதுங்கள். சம்மதிக்காவிட்டால் புதுப்பிக்கவேண்டாம், ஒப்பந்தம் முடிந்ததென்று முறைப்படி ஃபைனல் எக்ஸிட்டில் (திரும்பிப் போகாமல் நிரந்தரமாக வெளியேறும் அனுமதி) வரட்டும். இடையில் வீட்டை விட்டு ஓடி வேறு இடத்தில் வேலை செய்யச் சொல்லி ரூமில் யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்கவேண்டாம். ஹுரூப், அதாவது ஓடிப்போய்விட்டார் என்ற புகார், போட்டுவிட்டால் ஊர் திரும்புவதே பெரும்பாடு. கஃபீல் இரண்டுக்கும் மறுத்தால், இந்திய அரசின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர் இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே புகார் பதியலாம், மனைவி பதிந்தால் போதும். சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கான ஆணையரகத்துக்கும் ஒரு மனு அனுப்புங்கள். இரண்டிலும் இக்காமா எண் எழுதவேண்டும், அதை இன்றைக்கே அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.